நாற்பதாவது அடி

சூசைராஜின் மகன் ஞானராஜ் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கையில் டேப்போடு எங்கள் கிணற்றுக்குள் இறங்கினான். அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்கள் கிணறு என்றால் எனக்கும் சூசைராஜுக்கும் பொது. என் அப்பனும் அவன் அப்பனும் கூடப்பிறந்தவர்கள். அவன் அப்பன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டார். நாங்கள் பழையபடியே இருந்துவிட்டோம். நிலம் பிரிந்தது, சாமி பிரிந்தது, கிணறு மட்டும் பிரியவில்லை. ஒரு நாள் அவன் மாடு பூட்டிக் கமலை இறைப்பான், மறுநாள் நான் இறைப்பேன். மாடு களைத்தால் கிணறும் இளைப்பாறும். அதனால் முறையில் பெரிய வம்பு வந்ததில்லை.

எனக்கும் ஒரு மகன் உண்டு, சுருளிவேல். ஞானராஜ் பிறந்த அதே வருசம் பிறந்தவன். எட்டாவதோடு படிப்பு போதும் என்று திண்டுக்கல்லில் லாரிக்குக் கிளீனராகப் போய்விட்டான். இரண்டு மாதத்துக்கு ஒருதடவை வருவான், ஆத்தா கையால் சோறு தின்பான், என்னிடம் நாலு வார்த்தை பேசாமல் கிளம்பிவிடுவான். ஞானராஜோ மதுரையில் காலேஜில் படித்தான். காலையில் சைக்கிளை மிதித்துக் கொடைரோடு ஸ்டேஷன், அங்கிருந்து ரயில், சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி வருவான். அவன் சட்டைப்பையில் இழுத்தால் நகர்கிற ஓர் அளவுகோல் இருக்கும். அதை வைத்து இவன் பெருக்குவான், வகுப்பான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் ஒருநாளும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

ஊருக்குக் கரண்டு வந்த மறுவருசம் சூசைராஜ் என்னைத் தேடி வந்தான்.

“அண்ணே, கிணத்துக்குக் கரண்டு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். நீங்களும் சேந்துக்கிட்டா ஆளுக்குப் பாதி. ஒரே மோட்டாரு, ரெண்டு வீட்டுக்கும் ஓடும்.”

“யாரு சொன்னா?”

“ஞானராசுதேன் சொல்றான். அவன் எல்லாத்தையும் புஸ்தகத்துல பாத்து வச்சிருக்கான்.”

‘நான் சொல்றேன்’ என்று அவன் சொல்லியிருந்தால் ஒருவேளை சரி என்றிருப்பேன். பதினெட்டு வயதுப் பயல் சொல்லி நான் மோட்டார் போடுவதா?

“கரண்டுல வர்ற தண்ணியில சத்து இருக்காது சூசை. உறிஞ்சி எடுக்கிற தண்ணி. பயிரு வெளுத்துப் போகும்.”

நான் இதை நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். மீதிப் பாதி பங்காளிக் காய்ச்சல்.

சூசைராஜ் தனியாகவே மோட்டார் வாங்கினான். சித்திரையில் கிணறு வற்றித் தரை தெரிந்தபோது, உள்ளே பதினெட்டு அடியில் கல் பதித்து மேடை கட்டினார்கள். மதுரையிலிருந்து மோட்டார் லாரியில் வந்து இறங்கியது. ஞானராஜ் அதற்குள்ளே தலையை விடாத குறை. மோட்டார் கம்பெனிக்குக் கடுதாசி எழுதி ஒரு புத்தகம் வரவழைத்திருந்தான். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் முறுக்குவான். முறுக்கிவிட்டு மறுபடியும் புத்தகத்தைப் பார்ப்பான். பிறகு கிணற்றுச் சுவரில் மேலேயிருந்து டேப்பை விட்டு, ஐந்தடிக்கு ஓர் எண் வெள்ளைப் பெயிண்டில் எழுதிக்கொண்டே தரைவரைக்கும் போனான். நான் தூரத்தில் நின்றதோடு சரி, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. என் பெண்சாதி ஜக்கம்மாள்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

“சுவரு பூராவும் நம்பரா எழுதிருக்கான். போயிப் பாருங்களேன்.”

“கிணத்துக்கு எதுக்குடி நம்பரு? அது என்ன செயில்ல கெடக்குற கைதியா?”

“உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு குத்தம்.”

கோடை மழையில் கொஞ்சம் தண்ணீர் ஏறி, மோட்டார் ஓடிய முதல் நாள் ஊரே கிணற்றடியில் நின்றது. நானும் நின்றேன், கூட்டத்துக்குப் பின்னால். ஞானராஜ் சுவிட்சைத் தட்டினான். செத்த நேரம் வெறும் காற்று இரைந்தது. ஓடாது என்று நினைத்தேன். ஓடக்கூடாது என்றுகூட நினைத்திருப்பேன். அதற்குள் தொடை கனத்துக்குத் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. ஜக்கம்மாள் கையை நீட்டி அதில் நனைத்தாள். அன்றைக்கு ஊருக்கு வந்திருந்த சுருளிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்து நின்றான். ஞானராஜ் என்னவோ சொல்ல, இவன் சிரித்தான். என் மகன் என் வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். அதற்கு முன்னாலேயே காட்டியாயிற்று.

ஐப்பசியில் நல்ல மழை. மோட்டார் மேடைக்குக் கீழ்வரை தண்ணீர் ஏறியது, தகராறும் வந்தது. அவன் முறையில் மோட்டார் ஒரே காலையில் கிணற்றை வழித்து எடுத்துவிடும். மறுநாள் என் முறைக்கு, ராத்திரி ஊறிய ஊற்றுத் தண்ணீர்தான் கிடக்கும். மாதக்கணக்கில் கத்தினேன். தைக் கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் மூக்கையா கிணற்றடிப் பூவரச மரத்தின் கீழே எல்லாரையும் உட்கார வைத்தார். மூக்கையா நல்ல மனிதர், ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்வார்.

ஞானராஜ் ஒரு நோட்டைத் திறந்தான்.

“பெரியப்பா, இனிமே நாள் முறை வேணாம். தினமும் ரெண்டு பேரும் எறைப்போம். இப்ப விடியக்காலம் தண்ணி இருபதுல நிக்குது. தரை நாப்பத்திநாலு. நாங்க காலையில மோட்டாரைப் போட்டு முப்பத்திரண்டுல நிறுத்திக்கிறோம். பெறகு கெடக்கிறது பூராவும் உங்களுக்கு. பாதிக்குப் பாதி.”

எந்தக் கிணற்றையும் எட்டிப் பார்த்து எத்தனை ஆள் தண்ணீர் கிடக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் அந்தக் கணக்குத்தான். ஓராள், ஈராள் என்று தரையிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு வருவோம். அன்றைக்கு எங்கள் கிணற்றில் நாலாள் தண்ணீர். ‘ரெண்டாள் தண்ணிய எனக்கு விட்டுருங்க’ என்று கேட்டிருக்கலாம். ஆனால் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பயல் அடி, அங்குலம் என்று வெளுத்து வாங்குகிறான். நான் மட்டும் ஓராள் ஈராள் என்று இழுத்தால் என்ன மரியாதை? எனக்கும் அடிக்கணக்கு வரும் என்று காட்ட நினைத்தேன். அவன் எனக்கு விடுவது முப்பத்திரண்டு என்றால், நான் கூட்டித்தானே கேட்கவேண்டும். சந்தையில் நாம் செய்யாததா?

“முப்பத்திரண்டு பத்தாது. நாப்பது” என்றேன்.

ஞானராஜ் முழித்தான். “பெரியப்பா, நாப்பதுன்னா உங்களுக்குத்தேன் கொறையும்.”

“எப்படிலே கொறையும்?”

“எண்ணு கூடினா தண்ணி கொறையும் பெரியப்பா.”

“கேட்டுக்கிட்டீகளா மூக்கையா. எண்ணு கூடினா தண்ணி கொறையுமாம். இதைப் படிக்கத்தேன் தெனமும் ரயிலேறி மதுரைக்குப் போறான்.”

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு என் கணக்குத்தான். பயலுக்குக் காது சிவந்துவிட்டது. நோட்டை என் பக்கம் திருப்பி, பென்சிலால் வட்டம் போட்டு, கோடு போட்டு, திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம் கூடியது. நட்டம் வருமென்றால் அதை எதிராளி வந்து சொல்லுவானா? என் லாபத்துக்கு இவன் ஏன் இத்தனை மல்லுக்கட்டுகிறான்?

“நாச்சிமுத்து, செத்த யோசிச்சுப் பாரு. பய என்னமோ சொல்ல வர்றான்” என்றார் மூக்கையா.

“நீங்களும் அந்தப் பக்கம் சாஞ்சாச்சா?”

சூசைராஜ் மகன் தோளைப் பிடித்து அழுத்தினான். “விடுடா. அண்ணன் தன் வாயாலே கேக்குறாரு. நாப்பதுன்னே எழுது.”

எழுதினார்கள். ஞானராஜ் உரக்கப் படித்தான். நான் கையெழுத்துப் போட்டேன். நான் மூன்றாவது வரை போனவன், கைநாட்டு இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது கமலை மாட்டுக்குக்கூட என் சந்தோஷம் தெரிந்திருக்கும்.

அந்தத் தையில் ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் நட்டிருந்தேன். முந்தின இரண்டு வெள்ளாமையும் சரியில்லை. இந்த வெங்காயம் கைவிட்டால் மாட்டை விற்கவேண்டும். மாடு போனால் கமலை இல்லை, கமலை இல்லாவிட்டால் நிலம் தரிசு. பிறகு நானும் ஜக்கம்மாளும் சூசைராஜின் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குக் குனியவேண்டியதுதான். அவன் மாட்டேன் என்று சொல்லமாட்டான், நல்லவிதமாகவே கூப்பிடுவான். அதை நினைத்தால்தான் எனக்கு வாய் கசந்தது.

எழுத்துப்படி தினமும் காலையில் மோட்டார் ஓடி நின்றதும் நான் மாட்டைப் பூட்டினேன். நாலைந்து பாத்தி பாய்வதற்குள் கமலைச் சால் சேற்றைக் கிளறிக்கொண்டு மேலே வந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம்வரை இறைத்தேன், தண்ணீர் குறையவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் சேறு. இப்படியே மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமையும் காலேஜ் லீவு நாளும் தண்ணீர் உண்டு, மற்ற நாள் இல்லை.

எனக்கு இரண்டு விஷயம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். ஒன்று, ஞானராஜ் கைவைக்கிற நாளில் மோட்டார் சீக்கிரம் படுத்துவிடுகிறது. “படிச்சவன் தொட்டா மிசினுக்கே தூக்கம் வருது போல” என்று டீக்கடையில் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். இரண்டாவது, மற்ற நாளில் சூசைராஜ் திருடுகிறான். நாற்பதில் நிறுத்தாமல் அதைத் தாண்டி உறிஞ்சுகிறான்.

மாசி பாதியில் வெங்காயத் தாள் நுனி கருக ஆரம்பித்தது. ஜக்கம்மாள் ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். புளியங்கொட்டை அளவு இருந்தது.

“காய் பெருக்கிற நேரம். இன்னும் பத்து நாளைக்கு இப்படியே போச்சுன்னா, பிடுங்கி வரப்புல வீசிட்டுப் போக வேண்டியதுதேன்.”

“நாளைக்குப் பாரு. கையும் களவுமாப் பிடிக்கிறேன்.”

மறுநாள் புதன்கிழமை. ஞானராஜ் ரயிலுக்குப் போன பிறகு மூக்கையாவைக் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். போகிற வழியில் டீக்கடையில் இருந்த நாலு பேரையும் வரச் சொன்னேன். சாட்சி வேண்டுமே. நாங்கள் வரப்பில் ஏறும்போது மோட்டார் நின்றது.

“பாத்தீகளா, ஆளைக் கண்டதும் நிறுத்திப்புட்டான்.”

சூசைராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். “வாங்கண்ணே. என்ன, ஊரைக் கூட்டிட்டு வந்திருக்கீக?”

“உள்ள எறங்கிப் பாருங்க மூக்கையா. எழுத்து நாப்பது. தண்ணி எதுல நிக்குதுன்னு பாருங்க.”

மூக்கையா வேட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். பாதி இறங்கிக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அவர் குரல் கிணற்றுக்குள்ளேயிருந்து வந்தது.

“நாப்பதுலதேன் நிக்குது நாச்சிமுத்து. நூல் பிடிச்சாப்புல நிக்குது.”

நான் எட்டிப் பார்த்தேன். அந்த எண்களை எழுதிப் பத்து மாதம் ஆகிறது, வீம்புக்கு அதுவரை படிக்காதவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன். என் காலுக்குக் கீழே ஐந்து. அதற்குக் கீழே பத்து. கீழே போகப் போக எண் ஏறிக்கொண்டே போனது. நாற்பது எங்கேயோ அடியில் கிடந்தது. அதற்கும் கீழே, எருமை படுத்தால் முதுகு தெரிகிற அளவுக்குக் கலங்கல் தண்ணீர்.

“ஒரு வெரக்கடை தாண்டல அண்ணே. எழுத்து எழுத்துதேன்” என்றான் சூசைராஜ். “எம் மவன்தேன் எழுத்தை மதிக்க மாட்டேங்குறான். லீவு நாள்ல நானே சுவிச்சைப் பாத்துக்கிறேன்னு என்னைத் தள்ளிட்டு, முப்பத்திரண்டுலயே நிறுத்திப்புடுறான். எனக்குக் கடைசி ரெண்டு பாத்தித் தக்காளிக்குத் தண்ணி எட்ட மாட்டேங்குது. ஏண்டான்னு கேட்டா, பெரியப்பா தெரியாமக் கேட்டுட்டாருங்குறான்.”

தெரியாமல். அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மூக்கையா மேலே வந்து மேல்துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை. டீக்கடை ஆட்களில் ஒருவன் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “மிசினு தூங்கலயாக்கும்” என்றான். மாட்டை அவிழ்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன்.

அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. பயல் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் எனக்கு அவனைத் திட்ட வாகாக இருந்திருக்கும். ஊரில் சொல்லிச் சிரித்திருந்தால் அவன் மூஞ்சியில் முழிக்காமல் இருந்துகொள்வேன். இரண்டும் செய்யவில்லை. மூன்று வாரமாக டீக்கடையில் நான் அவனைப் பழித்துப் பேசியது அவன் காதுக்குப் போயிருக்கும். அதையும் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்காக அப்பனைத் தள்ளிவிட்டுச் சுவிட்சை அணைத்திருக்கிறான். சூசைராஜுக்கு மோட்டார் வாய்த்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். இப்படி ஒரு பிள்ளை வாய்த்ததை எப்படிப் பொறுப்பது? சுருளிவேல் ஊரிலேயே இருந்திருந்தாலும் எனக்காக ஒரு சுவிட்சைத் தொட்டிருப்பானா?

சாயங்காலம் கொடைரோட்டுப் பாதையில் புளியமரத்துப் பக்கம் நின்றேன். ஞானராஜ் சைக்கிளில் வந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான்.

“ஏலே, யாரைக் கேட்டு முப்பத்திரண்டுல நிறுத்தினே?”

“யாரையும் கேக்கல பெரியப்பா.”

“எழுத்து நாப்பதுன்னு இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“பெறகு? எனக்குப் பிச்சை போடுறியாக்கும்.”

அவன் சைக்கிள் மணியை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றான்.

“தப்பு என் பேர்லதேன் பெரியப்பா. மேலேருந்து அளந்து எழுதிட்டேன். மோட்டாருக்கு அந்தக் கணக்குத்தேன் வேணும், எம்புட்டு ஆழத்துலேருந்து இழுக்குதுன்னு. நம்ம ஊருல கிணத்தைத் தரையிலேருந்து எண்ணுவாகங்கிறது எனக்கு அன்னைக்குத் தோணவே இல்லை. எங்க புரபசர்கிட்டச் சொன்னேன், சிரிச்சாரு.”

“என்னையவா?”

“என்னைய.”

எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. “நீ எழுத்துப்படியே நாப்பதுல நிறுத்திட்டுப் போ.”

“வெங்காயம் காஞ்சிரும் பெரியப்பா.”

“என் வெங்காயம். காஞ்சாக் காயட்டும்.”

“நான் லீவுல நிறுத்தினாப் பத்தாது. வாரத்துல ஆறு நாள் நான் இருக்கிறதில்ல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் மூக்கையா மாமாவைக் கூட்டி மாத்தி எழுதிருவோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“என்ன வார்த்தை?”

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு ஊர்வரைக்கும் நடந்தே வந்தான். ஏறிப் போ என்று நானும் சொல்லவில்லை.

வீட்டில் ஜக்கம்மாள் எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாள். சோற்றைப் போட்டு வெஞ்சனத்தைத் தள்ளி வைத்தாள்.

“சொல்லிட்டு வந்துருங்க.”

“முடியாது.”

“சரி. அப்ப திங்கக்கிழமையிலேருந்து நான் சூசை தக்காளிக்குக் களை பிடுங்கப் போறேன். அவன் பொண்டாட்டிகிட்ட இப்பவே சொல்லி வைக்கிறேன். வெங்காயம் காஞ்ச பெறகு போயி நின்னா நல்லாவா இருக்கும்?”

இவளோடு முப்பது வருசம் குடித்தனம். சொன்னால் செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பூவரசமரத்தின் கீழே மறுபடியும் உட்கார்ந்தோம். இந்தத் தடவை கூட்டம் ஜாஸ்தி. மூக்கையா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஞானராஜ் பேச வாயைத் திறந்தான். எனக்காக அவன் பேசியதாக ஆகிவிட்டால் அது இதைவிட மோசம் என்று பட்டது.

“மூக்கையா, நான் கீழேருந்து எண்ணிட்டேன்” என்றேன். “பயல் சொன்னது சரி. முப்பத்திரண்டுன்னு மாத்தி எழுதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. டீக்கடை ஆட்கள்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

சூசைராஜ்தான் தலையை ஆட்டினான். “அதெப்படிண்ணே? நானா கேட்டேன்? நீங்களாக் கேட்டீக, கையெழுத்தும் போட்டீக. அந்தத் தண்ணிய நம்பி நான் ரெண்டு பாத்தி தக்காளி கூடப் போட்டிருக்கேன். அதை எங்க கொண்டு போறது?”

அவன் கேட்டது நியாயம். அவன் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் கடுமையாகக் கேட்டிருப்பேன். மூக்கையா இப்போது அவன் பக்கம் சாய்ந்தார். “எழுத்துன்னு ஒண்ணு இருக்குல்ல நாச்சிமுத்து” என்றார். என் வெங்காயம் அந்த இடத்திலேயே கருகிவிட்டது என்று நினைத்தேன்.

“அப்பா” என்றான் ஞானராஜ். “அப்படின்னா இனிமே ஸ்டார்ட்டரு, புட்வால்வு எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்க. நான் கையை வைக்க மாட்டேன்.”

அந்த மாதத்தில் மட்டும் குழாய் அடியிலிருக்கிற வால்வு இரண்டு தடவை கசிந்து மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. இரண்டு தடவையும் இவன்தான் முங்கிச் சரிபண்ணினான். சூசைராஜுக்குச் சுவிட்சைத் தட்ட மட்டுமே தெரியும். அவன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெரியப்பனுக்காக அப்பனை மெரட்டுறியாலே?”

“பெரியப்பாவுக்காக இல்லப்பா. பாதிக்குப் பாதின்னு நான் போட்ட கணக்கு. அது தப்பா நிக்குது. அம்புட்டுத்தேன்.”

எனக்காகக்கூட இல்லையாம். கணக்குக்காகவாம். எனக்கு உயிர் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது.

சூசைராஜ் துண்டை உதறித் தோளில் போட்டான். “மாத்தி எழுது. அந்த ரெண்டு பாத்தியும் போகட்டும்” என்று எழுந்து போய்விட்டான். போகும்போது மகன் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். கோபத்தில் தட்டுகிற தட்டு இல்லை அது. எனக்குத் தெரியும்.

எழுதி முடித்ததும் ஞானராஜ் டேப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அடுத்த வருசம் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் சண்டை வரக்கூடாது, அதனால் சுவரில் வெள்ளை எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஆள் கணக்கும் போடப்போகிறேன் என்றான்.

“பெரியப்பா, ஓராள்னா எம்புட்டு?”

“ஓராள்னா ஓராள்தேன். நின்னவன் முங்கணும். தலைக்கு மேல ஒரு சாண்.”

“எந்த ஆளு?”

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் கொஞ்சம் யோசித்தேன். “நாந்தேன்” என்றேன்.

அவன் என்னைப் பூவரசமரத்தில் சாய்ந்து நிற்க வைத்து, கால் பெருவிரலில் டேப்பின் நுனியை மிதிக்கச் சொன்னான். ஊர் பார்க்க அளந்தான். ஐந்தடி நாலு அங்குலம். மேலே ஒரு சாண் ஒன்பது அங்குலம். சட்டைப்பை அளவுகோலை எடுக்காமல் வாயாலேயே கணக்குப் போட்டான்.

“ஈராள்னா பன்னெண்டடி ரெண்டு அங்குலம் வருது பெரியப்பா. முப்பத்திரண்டைவிட உங்களுக்கு ரெண்டு அங்குலம் கூட. இருந்துட்டுப் போகட்டும். ஈராள்லயே நிறுத்திக்கிறோம்.”

இரண்டு அங்குலத்தை எனக்கு விட்டுக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். போன தடவை வாயைத் திறந்து பட்டது போதும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அந்த வெங்காயம் பிழைத்தது. ரொம்பப் பெருக்கவில்லை, ஆனால் பிழைத்தது. மாடு இரண்டும் கொட்டத்தில் நின்றன. நாலு மாதத்தில் பக்கத்து ஊர்களில் பொதுக்கிணறு வைத்து மோட்டார் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிவப்புக் கோடு போடுவதற்கு ஞானராஜைக் கூட்டிக்கொண்டும் போனார்கள். எல்லாக் கிணற்றிலும் என் உயரத்தைத்தான் அவன் போட்டான் என்று சுருளிவேல் வந்து சொன்னான்; அவனிடம் ஞானராஜ் சொல்லியிருக்கிறான். ஐந்தடி நாலு அங்குலம், மேலே ஒரு சாண். அதற்கு ஊரார் வைத்த பெயர் ஞானராஜ் கோடு. அளவு என் உடம்பு, பெயர் அவன் பெயர்.

ஆவணியில் மனம் கேட்காமல் திண்டுக்கல்லுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்துல் கையூம் கடையில் மோட்டார் வரிசையாக வைத்திருந்தார்கள். சூசைராஜுடையது ஐந்து குதிரை சக்தி. எனக்கு ஏழரைக் குதிரை வேண்டும் என்றேன்.

“கெணறு தாங்குமா? எந்த ஊருங்க?” என்றார் அவர்.

ஊரையும் கிணற்றையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, ஞானராஜ் கோடு போட்ட கெணறுங்களா? அப்ப எதுக்கு என்னையக் கேக்குறீங்க? அந்தத் தம்பிகிட்டக் கேட்டுட்டு வாங்க, எத்தனை குதிரை தாங்கும்னு. அது சொன்னாச் சரியா இருக்கும்.”

கடையில் ஒரு நாற்காலி போட்டு டீ சொல்லி அனுப்பினார். டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஞானராஜிடம் இன்னும் கேட்கவில்லை.